ஓ.பி. சீட்டில் ‘எஃப் 20’ எப்படி வந்தது?

கேள்வி: தம்பி ஒரு வருஷமாகத் தனியே பேசுகிறான். யாரோ திட்டுவது காதில் கேட்கிறதாம். காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். இப்போது சேலம் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள். சீட்டில் ‘எஃப் 20’ என்று இருக்கிறது. மனநோய்க்கு நம்பர் போட்டது யார்? உங்கள் பரம்பரையில்தான் கோளாறு என்று சொந்தக்காரர்கள் சொல்வது நிஜமா?
— ஒரு வாசகர், சங்ககிரி

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வரும் எண் அது. 1948-ல் வந்த ஆறாம் பதிப்பில்தான் மனநோய்கள் அதில் இடம்பிடித்தன. பத்தாம் பதிப்பில் அவற்றுக்கு ‘எஃப்’ வரிசை கிடைத்தது: 20 மனச்சிதைவு, 31 இருதுருவ நோய், 32 மனச்சோர்வு. 2022-ல் பதினோராம் பதிப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் பல இடங்களில் பழைய எண்ணையே எழுதுகிறார்கள்.

மனநோய்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை இந்தப் பட்டியலுக்கும் முந்தியது. நம் சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோயைப் பதினெட்டாக வகுக்கிறது. இன்றைய பட்டியலுக்கு அடித்தளம் போட்டவர் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்லின். நோயாளி ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வைத்தார். என்ன அறிகுறியோடு வந்தார், வருஷங்கள் கழித்து எப்படி ஆனார் என்று குறித்துக்கொண்டே போனார். அந்த அட்டைகளை வைத்துத்தான் 1899-ல், படிப்படியாகச் சிதையும் நோயையும் ஏறி இறங்கி வரும் நோயையும் தனித்தனியாகப் பிரித்தார். இன்றைய 20-க்கும் 31-க்கும் வேர் அங்கே இருக்கிறது.

அவர் பார்த்தது அறிகுறியையும் போக்கையும்தான், காரணத்தை அல்ல. இன்றும் அப்படித்தான். மனச்சிதைவை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்வது தைராய்டு போன்ற வேறு கோளாறு இல்லையென்று பார்ப்பதற்காக. அறிகுறியை வைத்தே பிரிப்பதால் பட்டியலும் மாறும். ஒருபால் ஈர்ப்பை நோய் என்று எழுதிவைத்திருந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் அதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல்தான் நீக்கியது.

இனி, பரம்பரை. நூறு பேரில் சுமார் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வரலாம். மீதித் தொண்ணூறு பேருக்கு வராது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்கு வராமலிருக்கும் வாய்ப்பு பாதிக்குக் குறையாது. மரபணு ஒரு பங்குதான். கருவிலும் பிரசவத்திலும் ஏற்பட்ட சிக்கல், கஞ்சா, சிறுவயதுக் கொடுமை எல்லாம் சேர்கின்றன. யார் பாவமும் இதில் இல்லை. உங்கள் அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

மனச்சிதைவு பெரும்பாலும் தேறாது என்றே கிரெப்லின் நினைத்தார். சென்னையில் டாக்டர் ஆர். தாராவும் சக மருத்துவர்களும், 1981 வாக்கில் முதன்முறையாக நோய் கண்ட 90 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலானவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள்.

குணசீலத்துக்குப் போனதில் தவறே இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனால்தான் ஆபத்து. கட்டிப்போட்டுக் குணப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கே நிற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. சங்கிலியிடுவதை 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

தம்பி தேறியதுபோல் தெரிந்தாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.