ஓராசிரியர், ஐந்து வகுப்பு

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

முன்னுரை

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டனர் நம் முன்னோர். அக்கண்ணைத் திறந்து வைப்பவர் ஆசிரியர். கட்டடம் இல்லாவிட்டால் மரத்தடியிலேனும் பாடம் நடக்கும். ஆசிரியர் இல்லாவிட்டால் மாளிகையிலும் பாடம் நடவாது. நகரத்துப் பள்ளிக்கும் சிற்றூர் அரசுப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடுகள் பல. அவற்றுள் தலையாயது ஆசிரியர் எண்ணிக்கையே. அவ்வேறுபாடு எத்தகையது, ஏன் வந்தது, எவ்வாறு நீங்கும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வளர்ந்த வரலாறு

காமராசர் 1954 முதல் 1963 வரை நம் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். பள்ளியில்லாத சிற்றூர்களில் எல்லாம் அக்காலத்தில் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் மதிய உணவுத் திட்டமும் தொடங்கியது. ஓர் ஊருக்கு ஓராசிரியர் கிடைத்தாலே அது பெரும்பேறு என்று கருதப்பட்ட காலம் அது. எழுத்தறியாத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் பலருக்கு அந்த ஓராசிரியர் பள்ளியே வாசற்கதவாயிற்று.

ஆயினும் ஓராசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்துவது எளிதன்று. ஆகவே 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டும். அவ்விருவருள் ஒருவர் இயன்றவரை பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சட்டம் சொல்வது

2009இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என அது வரையறுக்கிறது. ஒரு பள்ளிக்கு ஒதுக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்றும் கூறுகிறது.

சட்டம் இவ்வாறு இருக்க, நிலைமை என்ன? 2024-25ஆம் கல்வியாண்டில் இந்தியாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாகவே இருந்தன என்று ஒன்றிய அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. அவற்றில் பயின்ற பிள்ளைகள் 33 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இத்தகைய பள்ளிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது கிராமப்புறத்தில் உள்ளன என்று யுனெஸ்கோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட இந்தியக் கல்வி அறிக்கை எடுத்துக்காட்டியது.

கணக்கு மறைக்கும் உண்மை

மேற்கண்ட எண்களை வகுத்துப் பார்த்தால் ஓராசிரியருக்குச் சராசரியாக 32 பிள்ளைகள் வருகிறார்கள். ‘முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதுதானே அளவு? இதில் என்ன குறை?’ என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. நகரத்தில் ஓர் ஆசிரியரிடம் இருக்கும் முப்பது பேரும் ஒரே வகுப்பினர். சிற்றூரில் அம்முப்பது பேரும் ஐந்து வகுப்பினர்!

சட்டப்படி தொடக்கப் பள்ளி ஆண்டுக்கு 200 நாட்களில் 800 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உள்ள பள்ளியில் அந்த 800 மணியும் அவ்வகுப்புக்கே உரியது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பகிர்ந்துகொண்டால் வகுப்புக்கு 320 மணி. ஒருவரே என்றால் 160 மணி மட்டுமே. பாடநூல் ஒன்று, தேர்வு ஒன்று. கிடைக்கும் நேரமோ ஐந்தில் ஒரு பங்கு! அந்த ஓராசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பங்கும் இல்லை. பதிவேடு எழுதுவது, சத்துணவைப் பார்ப்பது, விலையில்லாப் பாடநூல்களைப் பெற்று வருவது, கூட்டங்களுக்குச் செல்வது ஆகிய அனைத்தும் அவர் தலையிலேயே விழுகின்றன.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஈராசிரியர் பள்ளியில் பயின்று வந்தவள். “மூன்றாம் வகுப்பில் டீச்சர் எங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புக்கு ‘அ, ஆ’ சொல்லிக் கொடுக்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் முடித்துவிட்டுச் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்போம்” என்று அவள் கூறினாள். அந்த டீச்சரை அவள் இன்றும் அன்போடுதான் நினைக்கிறாள். குறை அவரிடம் இல்லை. காத்திருந்த அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

உயர் வகுப்புகளில் இக்குறை வேறு உருவம் கொள்கிறது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இல்லாத பள்ளியில் ஆர்வமுள்ள மாணவியும் பின்தங்குகிறாள். மேல்நிலையில் அவள் தன் விருப்பப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆசிரியர் உள்ள பிரிவையே தேர்ந்தெடுக்கிறாள்.

காரணங்கள்

சிற்றூரில் ஆசிரியர் நிலைத்திராததற்குக் காரணம் கடமையுணர்வின்மை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து உள்ள ஊருக்கு ஆசிரியை ஒருவர் கைக்குழந்தையுடன் எவ்வாறு சென்று வருவார்? அங்கேயே தங்கலாம் என்றால் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. அரசு ஊழியருக்கான வீட்டு வாடகைப்படியும் பெருநகரத்தில் மிகுதி, சிற்றூரில் குறைவு. மலைப்பகுதிக்கு மட்டும் தனிப்படி உண்டு. எனவே மாறுதல் கலந்தாய்வு வந்ததும் பலர் நகரத்தை நாடுகின்றனர்.

மற்றொரு காரணம் ஒரு சுழல் போன்றது. நம் மாநிலத்தில் ஆகஸ்டு முதல் நாளன்று உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ எனக் கணக்கிடப்பட்டுப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குச் செல்கிறார். ஆசிரியர் குறைந்ததைக் கண்டு பெற்றோர் சிலர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகின்றனர். மறு ஆண்டு எண்ணிக்கை மேலும் குறைகிறது. எஞ்சியிருப்பவர்கள் யார்? வேன் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள். ‘பெண்ணுக்கு இது போதும்’ என்று விடப்பட்ட சிறுமியர்.

தீர்க்கும் வழிகள்

சிறிய பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளியுடன் இணைக்கலாம் என்பது ஒரு கருத்து. இணைத்தால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்பது உண்மையே. ஆனால் ஆறு வயதுச் சிறுமி ஓடையையும் நெடுஞ்சாலையையும் கடந்து செல்ல வேண்டுமே! முதலில் பள்ளியை விட்டு நிற்பவள் அவளாகவே இருப்பாள்.

ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைத் திறம்பட நடத்தும் முறையும் உண்டு. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்றே அட்டைகளைக் கொண்டு கற்கும் முறை உருவாக்கப்பட்டது. அதனைத் தழுவிய செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் நம் மாநிலம் முழுவதும் பரவியது. அம்முறையில் பிள்ளை தன் அட்டையை எடுத்துத் தன் படியில் தானே ஏறுவதால், வெறுமனே காத்திருக்கும் நேரம் குறைகிறது. எனினும் அட்டை ஆசிரியருக்குத் துணையாகுமேயன்றி ஆசிரியர் ஆகாது.

ஜப்பானில் 1954லேயே தொலைவான ஊர்களின் கல்விக்கென்று தனிச் சட்டம் இயற்றினர். அங்குப் பணிபுரியும் ஆசிரியருக்குத் தனிப்படியும் குடியிருப்பு வசதியும் அதில் இடம் பெற்றன. நாமும் பள்ளிக்கு அருகில் ஆசிரியர் குடியிருப்பு கட்டலாம். மலைக்குக் கொடுப்பது போலவே பேருந்து குறைந்த சிற்றூருக்கும் தனிப்படி கொடுக்கலாம். ஒருவர் விடுப்பு எடுத்தால் உடனே சென்று பாடம் நடத்த, ஒன்றியந்தோறும் சில ஆசிரியர்களை நியமித்து வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பணியிடத்தை நிர்ணயிக்கும்போது தலைகளை மட்டும் எண்ணாமல் வகுப்புகளையும் எண்ண வேண்டும்.

முடிவுரை

அருமைத் தோழியரே! நம் விடுதியில் தங்கியிருப்போருள் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களே. ஊர்ப் பள்ளியில் போதிய ஆசிரியர் இருந்திருந்தால் பதினொரு வயதில் தாயைப் பிரிந்து வந்திருக்க வேண்டியதில்லை என்று கூறுவோரும் அவர்களுள் உண்டு. நமக்கோ பாடத்திற்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஐயம் கேட்டால் அந்த மணியிலேயே விடை கிடைக்கிறது. இது நம் திறமையால் வந்தது அன்று. நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

இன்னும் சில ஆண்டுகளில் நம்முள் சிலர் ஆசிரியைகளாவோம். சிலர் அலுவலகங்களில் அமர்ந்து இத்தகைய கணக்குகளை எழுதுவோம். ஆசிரியையாகிறவள் சிற்றூர்ப் பணியைத் தண்டனையாக எண்ணாதிருக்கட்டும். கணக்கு எழுதுகிறவள் ‘முப்பதுக்கு ஒன்று’ என்று எழுதிக் கோடிடும் முன், அந்த முப்பது பேரும் எத்தனை வகுப்பினர் என்று ஒரு முறை கேட்கட்டும்.