வட்டுப் பத்திரிகையும் அதன் சீர்திருத்தமும்

அச்சுப் பத்திரிகை கண்ணால் வாசிக்கப்படுவது. வட்டுப் பத்திரிகையோ கணிப்பொறியாலும் வாசிக்கப்படுவது. கட்டுரைகளையும் நிரல்களையும் ஒருங்கே ஒரு காந்தவட்டிற் பதித்துச் சந்தாதாரர்க்கு அஞ்சலில் அனுப்பும் இவ்வகைப் பத்திரிகை, வீட்டிற் கணிப்பொறி வைத்துப் பொழுதுபோக்காக நிரல் எழுதுவார்க்கென்றே தோன்றியது. அவ்வட்டுகள் இப்பொழுது வழக்கொழிந்தன. எனினும், தமிழில் நிரற்கலை பயில விரும்பும் மாணாக்கர் தமக்கென ஒரு பத்திரிகை நடத்த முற்படுவாராயின், முன்னையோர் கண்ட குறைகளையும் அவற்றிற்குச் செய்த பரிகாரங்களையும் ஆராய்தல் பெரிதும் பயன்தரும்.

தொடக்கத்திற் பத்திரிகைகள் நிரல்களைத் தாளில் அச்சிட்டு வந்தன. வாசகர் அவற்றை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதிதல் வேண்டும். ஓர் எண் பிறழினும் நிரல் நின்றுவிடும். இவ்விடர் நீங்க, அமெரிக்காவில் வெளிவந்த 'கம்ப்யூட்ஸ் கெஜட்' 1983ஆம் ஆண்டில் ஒரு சரிபார்ப்பு நிரலை வெளியிட்டது. தட்டிய ஒவ்வொரு வரிக்கும் அது ஒரு குறியெண் காட்டும். அச்சிட்ட எண்ணோடு அஃது ஒவ்வாதாயின் அவ்வரியிற் பிழையுண்டென்பது தெளிவாம்.

இதனினும் எளிய வழி நிரலையே பதிந்து அனுப்புதல். 1978இல் 'சிலோட்' என்னும் பத்திரிகை டி.ஆர்.எஸ்.-80 பொறிக்கான நிரல்களை ஒலிநாடாவில் அனுப்பிற்று. 1981இல் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் ஆப்பிள் பொறிக்கென 'சாப்ட்டிஸ்க்' தோன்றியது. அந்நிலையத்தாரே 1984இல் கமடோர் 64 பொறிக்கென 'லோட்ஸ்டார்' என்பதையும் தொடங்கினர். சாப்ட்டிஸ்க் தொடக்கக் காலத்தில் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டது. வாசகர் பழைய வட்டைத் தம் கருத்துரையோடு திருப்பியனுப்பி, அடுத்த இதழைப் பெறுவர். வட்டின் விலை குறைந்தபின் இவ்வழக்கம் நின்றது. அந்நிலையத்திற் பணிபுரிந்த இளைஞர் சிலரே 1991இல் 'இட் சாப்ட்வேர்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு நிரல் நிறுவனத்தை நிறுவினர். பொழுதுபோக்குப் பத்திரிகையும் தொழிற்பள்ளியாதல் கூடும் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, இத்தகைய பத்திரிகையைச் சீர்செய்யும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, நிரலோடு அதன் விளக்கமும் இருத்தல் வேண்டும். ஓடும் நிரலை மட்டும் கொடுத்தால் வாசகர் அதனைப் பயன்படுத்துவர்; எழுதிய முறையையும் கொடுத்தாலன்றோ கற்றுக்கொள்வர்! விருந்திடுதல் வேறு, சமையல் கற்பித்தல் வேறு.

இரண்டாவது, வெளியிடுமுன் சோதித்தல் வேண்டும். பழனிமலைச் சாரலிற் காப்பியும் மலைவாழையும் விளையும் பண்ணைக்காட்டிலுள்ள ஒரு மாணவன், தோட்டக்கணக்கிற்கு ஒரு நிரல் எழுதுகின்றான் எனக் கொள்வோம். அன்று பறித்த காப்பிப்பழத்தின் எடையை ஆள்தொகையால் வகுத்து, ஓர் ஆளுக்குச் சராசரி இத்தனை கிலோ என்று அது காட்டும். பன்னிரண்டு பேர் 480 கிலோ பறித்தால் விடை 40 எனச் சரியாகவே வரும். மழையினால் ஒருவரும் வாராத நாளிலோ ஆள்தொகை பூச்சியம். பூச்சியத்தால் வகுத்தல் இயலாமையின் நிரல் இடையிலே நின்றுவிடும். ஆதலின், இயல்பான நாளைக்கொண்டு மட்டுமன்றி, இயல்பல்லாத நாளைக்கொண்டும் பத்திராதிபர் நிரலைச் சோதித்தல் கடன். அதன்பின்னும் பிழை தோன்றின், அடுத்த இதழின் முதற்பக்கத்திலேயே திருத்தம் வெளியிடுக.

மூன்றாவது, வாசகரின் மறுமொழிக்கு இடமளித்தல் வேண்டும். ஒவ்வோர் இதழிலும் ஒரு நிரலை முடிக்காது விட்டு, வாசகர் முடித்தனுப்பியவற்றுட் சிறந்ததை மறு இதழில் வெளியிடின், இன்றைய வாசகர் நாளைய ஆசிரியராவர்.

நான்காவதும் தலையாயதும் எழுத்தின் நிலைபேறு. முற்காலத்துத் தமிழ்க் கோப்புகள் பல, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியீட்டில் அமைந்தன. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் தமிழ் முழுதும் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். யூனிகோடு 1991இலேயே தமிழைத் தன்னுட் கொண்டதாயினும், தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். யூனிகோடின் வழக்கமான யு.டி.எப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டிற்கு மூன்று பைட்டுகள் வேண்டும். 140 கிலோபைட்டுக் கொண்ட பழைய ஆப்பிள் வட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 47,000 குறியீடுகளே அடங்கியிருக்கும். அவ்விடநெருக்கடி இன்றில்லை, ஆதலின் பொதுக்குறியீட்டில் எழுதாமைக்குச் சாக்கும் இல்லை.

தமிழில் இந்நெறிக்கு அண்மையான எடுத்துக்காட்டு 'கணியம்' என்னும் மின்னிதழ். கட்டற்ற மென்பொருளைத் தமிழிற் கற்பிக்க 2012 ஜனவரியில் தொடங்கிய அவ்விதழ், யாவரும் படியெடுத்து வழங்கும் உரிமையோடு வெளிவந்தது. இவ்வுரிமை மலைநாட்டார்க்குச் சிறப்பாக உதவுவது. கைபேசித் தொடர்பு தளர்ந்த இடத்திலும், ஒருவர் பெற்ற இதழைச் சிறு நினைவுக்கோலிற் பதிந்து பள்ளி முழுதும் வழங்கலாமன்றோ?

மாணவ நண்பர்களே! சிலர் கூடி, திங்கட்கு ஒரு நிரலும் அதற்கொரு தெளிவான விளக்கமும் எழுதினாற் போதும், பத்திரிகை உருவாகிவிடும். பன்னிரண்டு திங்களில் ஒரு பாடநூலே கிடைக்கும். ஆயின் அதனைப் பிறர் திறக்கக் கூடியதாகவும், திருத்தக் கூடியதாகவும், பிறர்க்கு அளிக்கக் கூடியதாகவும் செய்க. அங்ஙனம் செய்யாவிடின், நும் உழைப்பு வட்டில் இருக்கும்; வாசகர் அறிவிற் சேராது.