கண்ணாடி அளித்த ஆறுதல்

பழுப்பு நிலக்கரி அகழும் நெய்வேலி போன்ற தொழில் நகரங்களில் உழைப்பவர்க்குக் கைகளே பெருஞ்செல்வம். விபத்தில் கையிழந்தோர் பலர்க்கு, இல்லாத அக்கை இருப்பதுபோலவே தோன்றி வலிக்கும். மூடிய விரல்களை விரிக்க இயலவில்லையே எனச் சிலர் வருந்துவர். இவ்வலியின் காரணத்தை மூளையில் தேடியவர் வி. எஸ். இராமச்சந்திரன் என்னும் அறிஞர். 1951-இல் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், 1990-களில் கலிபோர்னியாவில் எளிய கருவியொன்றை அமைத்தார். பெட்டியின் நடுவே ஒரு கண்ணாடி நிற்கும். அதில் தெரியும் நல்ல கையின் உருவம், இழந்த கையின் இடத்தில் அமையும். நல்ல கையை விரித்தால் இழந்த கையே விரிவதாகக் கண் காணும். அதனால் சிலர்க்கு வலி தணிந்தது. பக்கவாதத்தால் கை தளர்ந்தோர்க்கும் பின்னர் இப்பயிற்சி அளிக்கப்பட்டது. ஊறுற்ற மூளையும் பயிற்சியால் மீண்டும் கற்கும் என்னும் நம்பிக்கையே இம்மருத்துவத்தின் அடிப்படை.