சோதனை முடிவும் நோயாளியின் எதிர்பார்ப்பும்

ஆய்வுக்கூடம் தரும் சீட்டு நோயைப் பற்றிய ஒரு செய்தியே; அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. அதன் பொருளை நோயாளிக்கு உணர்த்துவது மருத்துவரின் கடமை. அவ்விளக்கம் இரத்தம் எடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதற்கு எச்.ஐ.வி. பரிசோதனைப் பணி தக்க சான்று.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பின்னர் ஆலோசனையும் பரிசோதனையும் ஒருங்கே வழங்கும் மையங்கள் ஏற்பட்டன. தமிழ்நாட்டில் இவை 'நம்பிக்கை மையம்' எனப்படுகின்றன. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியின் ஒப்புதலோடு இணைத்துள்ளது. இச்சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

முன்கூட்டியே விளக்குவதன் தேவையை ஒரு கணக்கால் அறியலாம். 1,000 பேரில் இருவருக்குத் தொற்று இருப்பதாகவும், சோதனை அவ்விருவரையும் கண்டுபிடிப்பதாகவும் கொள்வோம். தொற்றில்லாதவர்களில் 100-க்கு ஒருவரை அது தவறாகக் காட்டினால், மேலும் பத்துப் பேருக்குத் தொற்று இருப்பதாக முடிவு வரும். ஆகப் பன்னிருவரில் உண்மையான தொற்றுடையோர் இருவரே. இதனாலேயே, நோய்க்குறி இல்லாதவருக்கு வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளும் ஒத்துவந்த பின்னரே தொற்று உறுதி செய்யப்படுகிறது. இதனை அறியாதவர் முதற் சோதனையின் முடிவைக் கேட்டே மனமுடைந்து போகக்கூடும்.

தொற்று இல்லை என்ற முடிவுக்கும் வரம்பு உண்டு. தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் சோதனை அதனைக் காட்டாதிருக்கலாம். அண்மையில் தொற்றுக்கு உட்பட வாய்ப்பிருந்தவர் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். இது கூறப்படாவிடில் பொய்யான நிம்மதியே மிஞ்சும். 'பாசிட்டிவ்' என்ற சொல்லை நல்ல செய்தியாகக் கொள்வோரும் உண்டு. ஆதலால் "தொற்று உள்ளது", "தொற்று இல்லை" என்று எளிய சொற்களிலேயே கூறுதல் நலம்.

தொற்று உறுதியானால், அதனைத் தனியிடத்தில், மறைகாப்புடன் தெரிவித்து, அடுத்த வழியையும் அப்போதே காட்டுதல் வேண்டும். கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 முதல் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கை 2017 முதல் நடைமுறையில் உள்ளது. மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொண்டால் நெடுங்காலம் நலமாக வாழலாம். எனினும் மருந்தை நிறுத்தலாகாது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நோயின் கடுமையை மிகைப்படுத்தவோ குறைத்துக் காட்டவோ கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. எச்.ஐ.வி. பணியில் நடைமுறைக்கு வந்துள்ள இம்முறை ஏனைய சோதனைகளுக்கும் பொருந்தும். முடிவு, அதன் வரம்பு, அடுத்து செய்ய வேண்டுவது ஆகிய மூன்றையும் அறிந்த நோயாளியே சிகிச்சையில் உறுதியுடன் நிற்பார்.