நிரற்கல்வியின் முதற்படி

கணிப்பொறிக்கு நாம் இடும் ஏவல்களின் ஒழுங்கான தொகுதியே நிரல் எனப்படும். இதனைக் கற்க விலையுயர்ந்த கருவியும் ஆங்கிலப் புலமையும் முன்னரே வேண்டுமென்று அஞ்சிப் பின்வாங்குவோர் நம்மிடையே பலர். அவ்வச்சம் வேண்டாவென்பதை ஈண்டுச் சில சான்றுகளாற் காட்டுவோம்.

கார்த்திகை முதல் மாசி வரை வேடந்தாங்கல் ஏரியில் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் நிறைந்திருக்கும். கரைமேல் நிற்கும் சிறுவன் கையில் ஓர் ஏட்டைக் கொடுத்து, "ஒரு பறவையைப் பார்; அது நாரையாயின் முதற்கட்டத்தில் கோடிடு; அன்றேல் இரண்டாங்கட்டத்தில் கோடிடு; பறவைகள் தீருமளவும் இதனையே செய்" என்போம். வரிசை, நிபந்தனை, மீள்செயல் என நிரலுக்கு இன்றியமையாத மூன்றும் இதில் அடங்கின. ஆயினும், கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஒரே கட்டத்திற் கலந்துவிடும். இடம் மாறி அமர்ந்த பறவை இருமுறை எண்ணப்படும். இப்பிழை சிறுவனுடையதன்று; நமது ஏவலினுடையது. அதனைக் கண்டு திருத்துதலே நிரல் எழுதுவோரின் அன்றாடத் தொழில்.

வாயிற்கோலமும் இத்தகையதே. விதி பிறழாமல் ஓர் உருவை மீட்டும் மீட்டும் இட்டு விரிக்கும் இக்கலையைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகிய இருவரும் கமலா கிருத்திவாசனுடன் ஆராய்ந்து, 1974-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

இனி, கருவியை அணுகலாம். 1967-இல் அமெரிக்காவிற் சீமோர் பேப்பர்ட் முதலியோர் சிறுவர்க்கென லோகோ என்னும் நிரல்மொழியை ஆக்கினர். பின்னர் அதனுடன் சேர்ந்த 'ஆமை', ஏவியவாறு நகர்ந்து கோடு வரையும். இன்று விலையின்றிக் கிடைக்கும் பைத்தான் மொழியிலும் அவ்வாமை உண்டு. "100 அடி செல், 90 பாகை வலப்புறம் திரும்பு" என நான்குமுறை ஏவின் சதுரம் தோன்றும். சமபக்க முக்கோணத்திற்கோ, 60 பாகை போதுமென்று தொடக்கத்தில் எண்ணத் தோன்றும். ஆனால் மூன்றுமுறை ஏவியும் உருவம் மூடாது. ஆறுமுறை ஏவின் அறுகோணம் பிறக்கும். ஆமை திரும்புவது உட்கோணமன்று, புறக்கோணம். முழுச்சுற்றாகிய 360-ஐ மூன்றாற் பகுத்த 120 பாகையே வேண்டுவது. பிழையே இங்கு வடிவகணிதம் கற்பித்தது.

தமிழிலேயே எழுத விழைவோர்க்கு முத்து அண்ணாமலை ஆக்கிய 'எழில்' மொழி உண்டு. அதிற் 'பதிப்பி' என்றெழுதினால் விடை திரையில் தோன்றும்.

ஆதலின், கற்பிப்போர் பிழைக்காகச் சிறுவரைக் கடியாது, பிழையின் காரணத்தைக் கண்டுரைப்போரைப் பாராட்டுவாராக. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு தம்பிக்கேனும் தங்கைக்கேனும் இப்பயிற்சியைத் தொடங்கிவைப்பாராக. முதற்பாடத்திற்கு ஏரிக்கரையும் வாயிற்றிண்ணையுமே போதும்.