குடும்ப வரலாறும் மக்கள்தொகைக் கணக்கேடும்

பாட்டனாரின் தந்தை பெயர் யாது, அவர் எவ்வூரினின்று வந்தார் என்று பிள்ளைகள் வினவினால், விடை கூறும் முதியோர் இன்று பல இல்லங்களில் இல்லை. எனவே கணிப்பொறியில் குடும்ப வரலாற்றைத் தொகுக்க முனைவது போற்றத்தக்க பணியாகும். அப்பணியில் இறங்குவோர் முதற்கண் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஆவணம் கூறுவது வேறு. அதிலிருந்து நாம் கொள்ளும் முடிவு வேறு. இவ்விரண்டையும் கலவாமல் பதிவது எங்ஙனம் என்பதை இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கேடுகளைக் கொண்டு காண்போம்.

அந்நாட்டில் வீடுவீடாக எழுதப்பெற்ற ஏடுகள் நூறாண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 சனவரியில் வெளியாயின. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதைக் கடந்தோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு கணக்கெடுப்போர்க்கு அறிவுறுத்தப்பட்டது. முப்பத்தொன்பது வயதினர் முப்பத்தைந்து எனப் பதிவாயினர். அவ்வேட்டில் குடும்பத் தலைவருக்கு ஏனையோர் என்ன உறவினர் என்ற குறிப்பும் இல்லை. அக்குறிப்பு 1851இல்தான் இடம்பெற்றது.

'வயது 35' என 1841இல் காணப்படும் ஒருவரின் பிறப்பாண்டை 1806 என்று உறுதியாக எழுதிவிட்டால் விளைவு என்ன? 1802இல் அவர் பிறந்ததைக் காட்டும் தேவாலயப் பதிவு பின்னர்க் கிடைக்கும்போது, 'இவர் வேறொருவர்' என அதனைத் தள்ளிவிடுவோம். அத்துடன் அவருடைய பெற்றோரையும் இழப்போம்.

இப்பிழை நேராதிருக்கப் பின்வருமாறு பதிதல் வேண்டும். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு.

1. மூலம்: எந்த ஆண்டின் கணக்கெடுப்பு, அவ்வேடு எங்கே உள்ளது என்பதை ஒருமுறை பதிக.

2. மேற்கோள்: ஏட்டின் எண், பக்கம் ஆகியவற்றைக் குறித்து, எழுதியுள்ளதை எழுத்துப் பிழையும் திருத்தாமல் படியெடுக்க.

3. நிகழ்ச்சி: கணக்கெடுப்பை ஒரு நிகழ்ச்சியாக அமைத்து, அவ்வீட்டில் இருந்த அனைவரையும் அதனுடன் இணைக்க.

4. முடிவு: பிறப்பாண்டை '1801க்கும் 1806க்கும் இடையில்' எனக் குறித்து, அதற்குரிய மேற்கோளைச் சேர்க்க. ஒரே வீட்டில் இருந்தனர் என்பதைக் கொண்டு தாய், மகன் என உறவு கற்பித்தல் ஆகாது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், தனிமனிதர் பற்றிய பதிவுகளைப் பிறர் பார்வையிட இடமளிப்பதில்லை. தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர் என 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறும். அத்தொகைக்குள் நம் பாட்டியார் அடங்கியிருக்கலாம். ஆனால் அவர் பெயரை அங்குத் தேடிக் காண இயலாது.

ஆதலின் நம் இல்லத்துக் கணக்கேட்டை நாமே எழுதுதல் வேண்டும். முதியோரிடம் அமர்ந்து, அவர் இளமையில் வீட்டில் இருந்தோர் யாவர், அவர்தம் ஊர் எது, உறவு என்ன என்று கேட்டு எழுதுக. கூறியவர் பெயரும் கேட்ட நாளுமே அதற்கு மூலமாகும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த நாளும், பாட்டியார் நினைவில் வேறொரு நாளும் இருப்பின் இரண்டையும் பதிக. ஒன்றற்காக மற்றொன்றை அழிக்க வேண்டா. உயிருடன் இருப்போர் பற்றிய செய்திகளை வெளியார் காணாதவாறு காத்தலும் நம் கடமை.

ஏட்டில் உள்ள பதிவு நூறாண்டு காத்திருக்கும். முதியோர் நினைவு அவ்வாறு காத்திராது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்க.