293 அத்தியாயம் 331 நிமிடத்துக்குள் போன கதை



போன மாதம் இலக்கிய மன்றக் கூட்டத்தில் ‘புத்தகமா? படமா?’ என்று பேச்சு வந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “பொன்னியின் செல்வன் ரெண்டு படமும் டிவியில போட்டாச்சு. அப்புறம் எதுக்கு அஞ்சு புத்தகம்?” என்று கேட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பதில் தெரிந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் வாயில் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இந்த மாத சுவர் இதழில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், மன்னிக்கவும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொன்னியின் செல்வன் முழுக்க சரித்திரமும் இல்லை, முழுக்க மாயக்கதையும் இல்லை. எலும்பு சரித்திரம், சதை கற்பனை. சுந்தர சோழர், ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழிவர்மர் எல்லாரும் உண்மையில் இருந்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மணிமேகலை எல்லாம் கல்கி உண்டாக்கிய ஆட்கள். (மணிமேகலையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவாள்.)

இதில் நமக்குப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. பழுவேட்டரையரின் பழுவூர் வேறு எங்கும் இல்லை, நம்ம மாவட்டத்தில்தான் இருக்கிறது! கல்லங்குறிச்சியில் இருந்து அரியலூர் போய் தஞ்சாவூர் ரோட்டில் பஸ் ஏறினால் கீழப்பழுவூர். பக்கத்திலேயே மேலப்பழுவூர், கீழையூர். கீழையூரில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு சிவன் கோயில் கல்லால் கட்டியிருக்கிறார்கள், இரட்டைக் கோயில் என்று பெயர். பழுவேட்டரையர்கள் உண்மையிலேயே இருந்த குறுநில மன்னர்கள் என்பதற்கு அந்த ஊர்க் கல்வெட்டுகள்தான் சாட்சி. படத்தில் நந்தினியைப் பழுவூர் இளையராணி என்று சொன்னபோது எங்க பெரியப்பா வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், ஏதோ பக்கத்து வீட்டு அத்தையைச் சொன்ன மாதிரி.

இனி பாடத்துக்கு வருகிறேன்.

கல்கி இந்தக் கதையை 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக எழுதினார். ஐந்து பாகம். புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. கூட்டினால் 293. மணிரத்னம் இதை இரண்டு படமாக எடுத்தார். முதல் படம் 2022 செப்டம்பர் 30-ல் வந்தது, சுமார் 167 நிமிடம். இரண்டாவது 2023 ஏப்ரல் 28-ல் வந்தது, சுமார் 164 நிமிடம். மொத்தம் 331 நிமிடம். நான் நோட்டில் வகுத்துப் பார்த்தேன். ஒரு அத்தியாயத்துக்கு 68 விநாடிதான் கிடைக்கிறது! நான் எங்க அப்பாயிக்கு வாய்விட்டுப் படித்தபோது ஒரு அத்தியாயத்துக்குக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது. கால் மணி நேரக் கதையை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்றால் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

இதனால்தான் இந்த நாவல் ரொம்ப காலம் படமாகாமலே கிடந்தது போல. 1958-லேயே எம்.ஜி.ஆர். எடுப்பதாக அறிவித்தார், நடக்கவில்லை. இத்தனைக்கும் கல்கிக்கு சினிமா புதுசு இல்லை. 1939-ல் அவருடைய ‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் தொடராக வரும்போதே படமும் எடுத்து, படத்தின் போட்டோக்களையே கதைக்குச் சித்திரமாகப் போட்டார்கள்.

வெட்டுவது முதல் வரியிலேயே ஆரம்பிக்கிறது. புத்தகம் ஆடிப்பெருக்கில் தொடங்கும். வீர நாராயண ஏரிக்கரையில் (இன்றைய வீராணம்) வந்தியத்தேவன் குதிரையில் வருவான். சனங்கள் கூட்டாஞ்சோறு கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பனைமரக் கொடி பறக்கும் படகுகள் வரும், பழுவேட்டரையர் ஆட்கள் கூட்டத்தை அதட்டுவார்கள். நாமும் வந்தியத்தேவன் மாதிரி ஒன்றும் தெரியாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே கதைக்குள் நுழைவோம். அவனுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். படம் அப்படி இல்லை. கமல்ஹாசன் குரலில் வால் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நேரே ராஷ்டிரகூடப் போரில் ஆதித்த கரிகாலனைக் காட்டிவிடுகிறது. யோசித்தால் காரணம் புரிகிறது. புத்தகம் படிக்கிறவர் பத்து அத்தியாயம் பொறுத்திருப்பார். சினிமாவுக்கு வந்தவருக்கு இது யாருடைய துக்கம் என்று பத்து நிமிடத்தில் தெரிந்தாக வேண்டும். எனக்கு ஏரிக்கரைதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

அடுத்தது காட்டுவது. “பெரிய மாளிகை” என்று கல்கி எழுதிவிட்டால் போதும். நான் ஒரு மாளிகையைக் கட்டிக்கொள்வேன், நீங்கள் ஒன்றைக் கட்டிக்கொள்வீர்கள், செலவு கிடையாது. படத்தில் யாராவது ஒரே ஒரு மாளிகையை உண்மையாகவே காட்டியாக வேண்டும். கலை இயக்குநர் தோட்டா தரணி ஹைதராபாத் பக்கம் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் அரங்கம் போட்டார். மத்தியப் பிரதேசத்தில் குவாலியர், ஓர்ச்சா போன்ற இடங்களிலும், தாய்லாந்திலும் எடுத்தார்கள். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர்ச்சா சோழர் காலம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, 16-ம் நூற்றாண்டில் உண்டான தலைநகரம். நம்ம மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் மாளிகைமேடு இருக்கிறது. இந்தக் கதை நடந்து அரை நூற்றாண்டு கழித்து ராஜேந்திர சோழன் கட்டிய அரண்மனை இருந்த இடம். அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தது செங்கல் சுவரும், கூரை ஓடும், இரும்பு ஆணியும். அப்படியென்றால் சோழ அரண்மனை செங்கலும் மரமும் ஓடுமாகத்தான் இருந்திருக்கும், கல்லால் கட்டியது கோயில் மட்டும் என்று நினைக்கிறேன். படத்தில் பழுவூர்க்காரர்கள் வடநாட்டுக் கோட்டைக்குள் நடப்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நம்ம ஊரைச் சொல்கிறார்கள், ஆனால் நம்ம ஊர் இல்லை.

அதுக்காகப் படம் எப்போதும் தோற்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் படம் கல்கியையே ஜெயித்துவிட்டது. நந்தினிக்கும் ஊமை ராணி மந்தாகினிக்கும் ஒரே முகச்சாயல். கதையின் பெரிய ரகசியமே இதுதான். புத்தகத்தில் கல்கி இதை எத்தனையோ அத்தியாயங்களில் சுற்றிச் சுற்றி வருவார். ஒருத்தர் சந்தேகப்படுவார், இன்னொருத்தர் திடுக்கிடுவார், சுந்தர சோழர் செத்தவள் ஆவியாக வந்துவிட்டாள் என்று பயப்படுவார். படத்தில் இரண்டு பேராகவும் ஐஸ்வர்யா ராயே நடித்தார். முதல் படம் முடிகிற இடத்தில் அந்த முகம் தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் “ஐயோ!” என்றோம். ஒரு வசனம்கூடக் கிடையாது. ஒரு முகத்தால் அவ்வளவையும் சொல்லிவிட்டார்கள். 2022-ம் ஆண்டுக்கான தேசிய விருதில் முதல் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு (ரவி வர்மன்), பின்னணி இசை (ஏ.ஆர். ரஹ்மான்), ஒலி வடிவமைப்பு என்று நான்கு விருது கிடைத்தது. எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் சம்பந்தப்பட்டதாக இருப்பதைக் கவனித்தீர்களா?

வெளிநாட்டிலும் இதே பாடுதான். டோல்கீன் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மாயக்கதையைப் பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003-ல் மூன்று படமாக எடுத்தார். அதில் ஹாபிட் என்று குள்ள மனிதர்கள் வருவார்கள். நடித்தவர்கள் சாதாரண உயரம்தான். பிறகு எப்படிக் குள்ளமானார்கள்? ஒரு வண்டியில் மந்திரவாதித் தாத்தாவும் ஹாபிட் பையனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவது போல ஒரு காட்சி. உண்மையில் பையனாக நடித்தவர் கேமராவை விட்டுத் தள்ளிப் பின்னால் உட்கார்ந்திருப்பார். நாங்கள் மைதானத்தில் இதைச் செய்து பார்த்தோம். ஒருத்தி போனுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்க, இன்னொருத்தி தூரத்தில் புளியமரத்தடியில் நிற்க, போட்டோவில் அவள் உள்ளங்கை மேல் இவள் நிற்கிற மாதிரி வந்தது! கம்ப்யூட்டர் ஒன்றும் வேண்டியதில்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

அந்தப் படத்திலும் வெட்டுதான். டாம் பாம்படில் என்று பாட்டுப் பாடிக்கொண்டு காட்டில் வாழ்கிற ஒருவர் புத்தகத்தில் உண்டு, படத்தில் இல்லை. ஹாரி பாட்டர் ஏழு புத்தகம், எட்டு படம். அதிலும் பள்ளிக்கூடத்தில் சேட்டை பண்ணுகிற பீவ்ஸ் என்ற பேய் கிடையாது. அதற்கு ஒரு நடிகர் நடித்தே முடித்த பிறகு எடுத்துவிட்டார்களாம்! பாவம்.

இப்போது மணிமேகலை.

எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன முழு ஆண்டு லீவில் தினம் ராத்திரி அவங்களுக்குப் பொன்னியின் செல்வன் படித்துக் காட்டினேன். அப்பாயிக்கு நந்தினியைப் பிடிக்கவில்லை, குந்தவையை “ரொம்ப கெட்டிக்காரி” என்று சொல்லி விட்டுவிட்டார். கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலைதான் அவங்களுக்கு உசிரு. அந்தப் பெண் வந்தியத்தேவன் மேல் ஆசை வைப்பாள். அவன் மனசில் குந்தவை இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. கரிகாலன் கொலைப்பழி அவன் மேல் விழுந்ததும் “நான்தான் கொன்றேன்” என்று தன் தலையில் போட்டுக்கொள்வாள். 293 அத்தியாயத்துக்கு அப்புறம் கல்கி கதையை முடிப்பது ராஜாக்களோடு இல்லை, இவளோடு.

படித்து முடித்த பிறகு டிவியில் இரண்டாவது படம் போட்டான். அப்பாயி கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏண்டி, அந்தக் கடம்பூர் புள்ளய எங்கடி காணோம்? நடுவுல நான் தூங்கிட்டனா?”

தூங்கவில்லை. படத்தில் மணிமேகலை கிடையாது. அண்ணன் கந்தமாறன் இருக்கிறான், தங்கை இல்லை.

ஏன் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க நானே ஒரு சோதனை செய்தேன். கதையின் முக்கியமான ஆட்கள் முப்பது பேரின் பெயரைச் சிலேட்டில் எழுதி, ஒவ்வொன்றாக அழித்து, கதை நிற்கிறதா என்று பார்த்தேன். நந்தினியை அழித்தால் எல்லாம் சரிந்துவிடும். பழுவேட்டரையரை அழிக்க முடியாது. ஆழ்வார்க்கடியானைக்கூட அழித்தால் சேதி கொண்டுபோக ஆள் இல்லை. மணிமேகலையை அழித்தேன். கதை ஒன்றும் ஆகாமல் நின்றது. கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிற இடம் இன்னும் கூர்மையாகக்கூட ஆகிவிட்டது. நான் திரைக்கதை எழுதினாலும் அவளைத்தான் முதலில் வெட்டியிருப்பேன் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளால் யாருக்கும் முடி சூடவில்லை, எந்த யுத்தமும் நிற்கவில்லை. ஒருத்தனுக்காகப் பொய் சொன்னாள், அவ்வளவுதான். அதுக்கெல்லாம் 68 விநாடியில் இடம் கிடையாது. கல்கிக்கு வாராவாரம் பக்கம் இருந்தது, இடம் கொடுத்தார்.

கை தட்டினவர்களுக்கு என் பதில் இதுதான்: நீங்கள் பார்த்த கதையில் எங்க அப்பாயிக்குப் பிடித்த ஆள் இல்லை.

அப்பாயி அன்றைக்கு ராத்திரியே ஐந்தாம் பாகத்தை எடுக்கச் சொல்லி, கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பாதியில் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாயி, “ம், படி” என்றார்.

ஐந்து பாகமும் என்னிடம் இருக்கிறது, பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. வேண்டுகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்து கேட்கலாம். முதல் பாகத்தில் இருந்துதான் தருவேன். பக்கத்தை மடக்கக் கூடாது. கை தட்டினவர்களும் வரலாம்.